ஃபெராராவுக்கு ஒரு டூட்டி சார்ட்

பலாச்சுளை தின்ற கையைக் கழுவாமலே செங்குட்டுவன் இத்தாலியைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

இத்தாலி என்றால், மந்தாரக்குப்பம் பிரவுசிங் சென்டரில் அவர் பிரிண்ட் போட்டு வாங்கிவந்த பதினேழு தாள்கள். ரயில் நேரங்களும் மேப்புகளும். தாள்களின் ஓரத்திலெல்லாம் பலாப்பிசின் பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் சப்பென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அடுப்படியில் நின்றிருந்த அவர் மனைவி மணிமொழி முகத்தைச் சுளித்து அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பண்ருட்டிப் பழம், நல்ல தித்திப்பு. பழத்தின் மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

செங்குட்டுவன் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில், கரி ஏற்றிச் செல்லும் கன்வேயர் பெல்ட் பிரிவில் ஃபோர்மேன். ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. பிரிவில் யாருக்கு எந்த ஷிப்ட், யாருக்கு என்றைக்கு வார ஓய்வு என்று மாதாமாதம் டூட்டி சார்ட் போடுவது அவர் வேலை. இருபது வருடமாகப் போடுகிறார். அதனால் உலகத்தில் இருக்கும் எதையும் கட்டம் கட்டி அடைத்துவிடலாம் என்று அவருக்கு ஒரு நினைப்பு. மகள் கல்யாணத்தில்கூட பந்தியில் யார், கை கழுவுமிடத்தில் யார் என்று ஏ ஷிப்ட், பி ஷிப்ட் எழுதி மண்டப வாசலில் ஒட்டிய மனிதர். அன்றைக்கு மணிமொழியும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். இப்போது சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் இப்போது அவர் போட்டுக்கொண்டிருந்த சார்ட், ஃபெராராவுக்கு.

ஃபெராரா இத்தாலியில் ஒரு சின்ன ஊர். மகள் எழில்மதியும் மருமகன் மதிவாணனும் மூன்று வருடமாக அங்கேதான் இருக்கிறார்கள். எழிலுக்கு அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. மருமகனுக்குப் பக்கத்துப் பெரிய ஊரான பொலோனியாவில் வேலை. ரயிலில் அரைமணி நேரம், தினமும் போய்த் திரும்புவார். ஊரைச் சுற்றிப் பழைய மதில், மதில்மேல் மரம், தெருவெல்லாம் சைக்கிள் என்று எழில் போட்டோ அனுப்புவாள். “நம்ம டவுன்ஷிப் மாதிரியேம்மா. வயசானவங்ககூட சைக்கிள்லதான் போறாங்க” என்பாள்.

ஐப்பசியில் அவள் முழுகாமல் இருக்கும் சேதி வந்தது. ஆனியில் பிரசவம் என்று கணக்குச் சொன்னார்கள். தலைச்சன் பிரசவம் தாய்வீட்டில் நடக்கவேண்டும். அவளால் வரமுடியாது, ஆகவே தாய்வீடே விமானம் ஏறுவது என்று முடிவாயிற்று. விசா வந்தது. போகவரச் சேர்த்து டிக்கெட்டும் எடுத்தாயிற்று. மணிமொழி பழைய வேட்டிகளைக் கிழித்து, வெந்நீரில் அலசி, வெயிலில் காயப்போட்டு, கைக்குட்டை அளவுக்கு மடித்துப் பெட்டியில் அடுக்கினாள். வசம்பைச் சுட்டுப் பொடித்து ஒரு டப்பாவில் எடுத்துவைத்தாள்.

பங்குனியில், ஆறாம் மாதத்தில், பிள்ளை தங்கவில்லை.

பத்தாம் நாள், சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்தபடியே செங்குட்டுவன் சொன்னார்: “எப்படியும் டிக்கெட் எடுத்தாச்சு, காசத் திருப்பித் தரமாட்டான். அங்க போயி இப்ப நமக்கு வேலன்னு ஒண்ணும் இல்ல. மூணு வாரமும் ஃப்ரீ. சுத்திப் பாத்துட்டு வந்துடலாம்.”

ஃப்ரீ. அந்த ஒரு சொல் அன்றைக்கு மணிமொழியின் காதுக்குள் விழுந்து, வெளியே வர வழி தெரியாத எறும்பு மாதிரி இரண்டு மாதமாக உள்ளேயே ஊர்ந்துகொண்டிருந்தது.

எழில் கேட்டது வேறு. “நீ வந்து என் பக்கத்துல சும்மா உக்காந்திரும்மா. சமைக்கக்கூட வேணாம். அவரு காலைல ரயிலுக்குப் போயிட்டா சாயந்திரம் வரைக்கும் இந்த வீட்டுல செவுரையே பாத்துகினு இருக்கேன்.” இவ்வளவுதான் கேட்டாள். அவள் கேட்ட இந்த ஒன்றைக் கொடுத்துவிட்டால் போதும், வேறெதுவும் இத்தாலியில் பார்க்கவேண்டியதில்லை என்று மணிமொழி நினைத்திருந்தாள்.

இன்னொன்றையும் எழில் அதே போன் பேச்சில் சொன்னாள். அன்றைக்கு வலி எடுத்தபோது மதிவாணனுக்கு ஏழு தடவை போன் போட்டிருக்கிறாள். அவர் ஏதோ மீட்டிங்கில் போனை அணைத்துவைத்திருந்தார். வழக்கமான சாயங்கால ரயிலில்தான் வந்தார். “அரைமணி நேர ரயிலும்மா. அரைமணி. என்னால அவரு மூஞ்சியப் பாக்கமுடியல.”

அப்போதுதான் மணிமொழி தன் கதையைச் சொன்னாள். யாரிடமும் சொல்லாத கதை இல்லை. ஆனால் மகளிடம் முழுதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

எழில் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு மணிமொழிக்கும் ஒன்று தங்காமல் போயிற்று. ஐந்தாம் மாதம். அப்போது வேறு பிளாக்கில் சின்ன குவார்ட்டர்ஸ். செங்குட்டுவனுக்கு அன்று ஏ ஷிப்ட். காலை ஆறுக்குப் போனவர் இரண்டு மணிக்கு இறங்கி மூன்றுக்குள் வீடு வரவேண்டும். இவளுக்கு ஒரு மணிக்கே உதிரம் கண்டுவிட்டது. எதிர்வீட்டு மலையாளத்து அம்மா ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். இவள் வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். மூன்று, நான்கு, ஆறு, எட்டு. அவர் வந்தது ராத்திரி பத்தரைக்கு. வந்தவர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: “ரிலீவர் வரல மணி, டபுள் டூட்டி.”

சுரங்கத்தில் அது சட்டம். ஓடுகிற பெல்ட்டை ஆளில்லாமல் விடக்கூடாது. அடுத்த ஷிப்ட் ஆள் வந்து மாற்றிவிடும்வரை நின்ற இடத்தை விட்டு நகரமுடியாது. அடுத்தவன் வரவில்லையா, நீயே எட்டு மணி நேரம் சேர்த்து நில். நெய்வேலியில் வாழ்க்கைப்பட்ட எந்தப் பெண்ணும் ‘ரிலீவர் வரல’ என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் பேசமாட்டாள். மணிமொழியும் பேசவில்லை. பதினாறு மணி நேரம் நின்ற மனிதன் என்று அந்தப் படுக்கையிலும் அவள்தான் அவருக்காகப் பரிதாபப்பட்டாள்.

“உங்கப்பாவும்தான் அன்னைக்கு வரல. வேலை அப்படி. மாப்பிள்ளையும் வேணும்னா செஞ்சாரு? மனசு விட்டுடு எழிலு” என்றாள் போனில்.

எழில் சொன்னாள்: “சரிம்மா. அப்பா மாதிரின்னு நெனச்சுக்கிறேன்.” மறுநாளிலிருந்து புருஷனோடு பேச ஆரம்பித்திருந்தாள். தன் பழைய வலி மகளுக்கு ஒரு நாளைக்காவது உதவியதே என்று மணிமொழிக்கு அன்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சார்ட் முடிகிற நாள். மேஜைமேல் பெரிய வெள்ளைத் தாள், ஸ்கேல், பச்சை மை பேனா. இருபத்தொரு நாள், இருபத்தொரு கட்டம். வாரத்துக்கு ஐந்து பயணம், இரண்டு நாள் ஆஃப். காலையில் ஃபெராராவில் ரயில் ஏறி, ஓர் ஊரைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் திரும்பிவிடவேண்டும். ஒவ்வொரு பயணக் கட்டத்திலும் மூன்று வரி. முதல் வரியில் ஊர். இரண்டாவது வரியில் ‘மணி’ என்று போட்டு அன்றைக்கு அவள் கட்டவேண்டிய சோறு: புளிசாதம், எலுமிச்சை, சப்பாத்தி. “அங்கல்லாம் வெளிய திங்கமுடியாது, நீ நாலு மணிக்கு எந்திரிச்சாதான் சரியா இருக்கும்” என்று சொல்லியும்விட்டார். மூன்றாவது வரி அந்தக் கட்டங்கள் எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

எழில் - ரெஸ்ட்.

பதினைந்து கட்டத்தில் பதினைந்து முறை, குண்டுகுண்டான எழுத்தில், பச்சை மையில். ஆஃப் நாட்களில் மட்டும் ‘எழில் - துணி துவைத்தல் (மெஷின்)’ என்று இருந்தது. மணிமொழி அதைக் காலையில்தான் படித்தாள். படித்ததிலிருந்து இவரோடு ஒரே வீட்டில் மூச்சு விடுவதே அசிங்கமாக இருந்தது.

நான்கு மணிக்குக் கருணாகரன் வந்தார். செங்குட்டுவனின் பிரிவிலேயே வேலை, மந்தாரக்குப்பத்தில் வீடு, முப்பது வருடச் சிநேகிதம். டிவிஎஸ் வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தும்போதே குரல் கொடுத்துக்கொண்டுதான் உள்ளே வருவார். வந்து உட்கார்ந்ததும் ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, எந்தெந்த ஊர் தேறும் என்று நீதிபதி மாதிரி விசாரிக்க ஆரம்பித்தார்.

“ராவென்னா?”

“ஒண்ணேகால் மணி நேரம். நேர் ரயிலு. கோயில் செவுத்துல பொடிக் கல்லா ஒட்டிப் படம் பண்ணி வெச்சிருக்கானாம். ஆயிரத்தஞ்ஞூறு வருசத்துப் பழசு.”

“அது நம்மாளு எவனுக்குண்ணே தெரியும்? குரூப்புல போட்டா அனுப்புனாகூட எந்த ஊருன்னு கேப்பானுங்க. அடிங்க.”

செங்குட்டுவன் ஸ்கேல் வைத்து ராவென்னாவை அடித்தார்.

“மாந்தோவா?”

“சுத்தி ஏரியாம். எழிலு அதத்தான் சொல்லிச்சு. நல்லாருக்கும், கூட்டமில்லாம இருக்கும், அம்மாவ மட்டும் ஒரு நா நானே அங்க கூட்டிகினு போறேன்னுச்சு.”

“ஏரி பாக்க இத்தாலி போவணுமா? நம்ம வீராணம் ஏரி இல்ல?” இரண்டு பேரும் சிரித்தார்கள். மாந்தோவாவும் அடிபட்டது.

இப்படித்தான் தேர்வு நடந்தது. ஊர் எப்படி இருக்கும் என்பதல்ல கேள்வி. அந்த ஊரின் பெயர் பெல்ட் பிரிவு வாட்ஸ்அப் குரூப்பில் இருப்பவர்களுக்குத் தெரியுமா என்பது ஒன்றே கேள்வி. வெனிஸ் தெரியும், ஆகவே வெனிஸுக்கு இரண்டு நாள். பொலோனியா ரயில் மாறுகிற ஊர், போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம். பாதோவாவில் ஏதோ ஒரு பெரிய கோயில், சரி, போனால் போகிறது. கடைசியில் பீசா.

“சாஞ்ச கோபுரம் பாக்காம இத்தாலி போனேன்னு சொன்னா, இங்க இருக்குற குள்ளஞ்சாவடியக்கூடத் தாண்டலன்னுதான் சொல்லுவானுங்க” என்றார் கருணாகரன்.

“ரெண்டு ரயில் மாறணும்டா. போவ மூணு மணி நேரம், வர மூணு மணி நேரம்.”

“ஏ ஷிப்ட்டுக்குக் கெளம்புற மாதிரி கெளம்புங்க. அந்தக் கோபுரத்தக் கையால தாங்கற மாதிரி எல்லாரும் ஒரு போட்டா எடுப்பானுங்களே, அது நமக்கு வேணும். எழுந்து நில்லுங்க, எப்படி நிப்பீங்கன்னு பாப்பம்.”

மணிமொழி டீத்தட்டோடு கூடத்துக்கு வந்தபோது அவள் பார்த்தது இதுதான்: லுங்கி கட்டிய ஐம்பத்தொன்பது வயது ஆள் ஒருவர், பனியனைத் தூக்கிக்கொண்டு தொந்தி முன்னால் தள்ள, பிசின் மினுக்கும் உள்ளங்கையை ஆகாயத்தில் நீட்டி, இல்லாத கோபுரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தார். பல் இடுக்கில் மஞ்சள் நார். கருணாகரன் மண்டி போட்டு, ஒற்றைக் கண்ணை மூடி, செல்போனில் அளவு பார்த்துக்கொண்டிருந்தார். மேஜைமேல் பேப்பரில் பலாக்கொட்டைகள் வழவழவென்று குவிந்து கிடக்க, அவற்றைச் சுற்றி ஈ பறந்தது.

பேத்தியோ பேரனோ பிறக்கவேண்டிய மாதத்தில் போய் இந்தக் கூத்து அடிக்கப்போகிறார்கள். மணிமொழி தட்டை மேஜைமேல் வைத்தாள். கொஞ்சம் ஓங்கித்தான் வைத்துவிட்டாள்.

“அண்ணிக்கு பீசா புடிக்கலபோல” என்று கருணாகரன் எழுந்து டீயை எடுத்துக்கொண்டார். “கவலப்படாதீங்கண்ணி. அண்ணனுக்கு இதெல்லாம் புதுசா என்ன? ரயில்ல போயி பொழுதோட திரும்பறது அப்பத்துலருந்தே கைவந்த வேல. உங்களுக்குத் தெரியாது. எனக்குப் பர்மனென்ட் ஆர்டர் வந்துச்சே, அன்னைக்கு...”

“டீ ஆறுது, குடிடா” என்றார் செங்குட்டுவன்.

“இருங்கண்ணே, அண்ணி தெரிஞ்சுக்கட்டும். அன்னைக்கு எனக்கு பி ஷிப்ட்டு, அண்ணன மாத்திவிடணும். ரெண்டு மணிக்குப் போனா போதும். ஆனா காலைல ஆர்டர் கைக்கு வந்துச்சா, சந்தோசத்துல வூட்ல இருப்பு கொள்ளல. பன்னெண்டுக்கே போயி நின்னுட்டேன். ‘அண்ணே, நீங்க எறங்குங்க, நான் பாத்துக்கறேன்’னேன். மனுசன் ஒடனே என்னா பண்ணாரு? ரயிலப் புடிச்சி கடலூரு! பீச்சுல குளியலு, துறைமுகத்துல எறா வறுவலு. சாயந்திர ரயில்ல திரும்பி நேரா நான் நிக்கிற பெல்ட்டுக்கே வந்து எனக்கு ஒரு பொட்டலம் எறா குடுத்தாரு பாருங்க, பத்து மணி வரைக்கும் அங்கியே உக்காந்து சுடச்சுட கத சொல்லிகினு இருந்தாரு. அந்த எறா ருசி இன்னும் நாக்குல நிக்கிது. நாஞ்சொல்றது செரிதானண்ணே?”

செங்குட்டுவன் மேஜைமேல் இருந்த ஸ்கேலை எடுத்து, நேராக இருந்த தாள்களை மறுபடியும் நேராக்கினார்.

நெய்வேலியில் ஒருவன் பர்மனென்ட் ஆன நாளை யாரும் மறப்பதில்லை. மணிமொழிக்கும் அந்த நாள் தெரியும். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, வெற்று வயிற்றோடு அவள் வீட்டுக்கு வந்தபோது, சமையல் மேடைமேல் ஒரு லட்டு டப்பா திறந்தபடி இருந்தது. டப்பா முழுக்கக் கட்டெறும்பு. லட்டே கறுப்பாக நெளிந்துகொண்டிருந்தது. “நீ ஆஸ்பத்திரில சேந்த அன்னைக்குத்தான் கருணாகரனுக்குப் பர்மனென்ட் ஆச்சு, அவன் குடுத்தது” என்று செங்குட்டுவனே சொன்னார். அவள் அந்த எறும்பைப் பார்த்துவிட்டு வாசல் சாக்கடையில் வாந்தி எடுத்தாள். அந்த நாள்தான். வேறு நாள் இல்லை.

அப்படியானால் ரிலீவர் வந்திருக்கிறான். இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்திருக்கிறான். இதோ எதிரில் உட்கார்ந்து டீயை உறிஞ்சிக்கொண்டிருக்கிறான்.

இருபத்தொன்பது வருடத்துச் சமாச்சாரங்கள் ஒவ்வொன்றாக வந்து இடத்தில் உட்கார்ந்தன. அன்றைக்குக் கட்டிலில் அவர் உட்கார்ந்தபோது பேன்ட் மடிப்பிலிருந்து மணல் உதிர்ந்தது. சுரங்கத்து மண் என்று நினைத்தாள். குனிந்து தலையைத் தடவியபோது வாயிலிருந்து எண்ணெய்ப் பலகார வாடை அடித்தது. காலையிலிருந்து நின்ற மனிதன் பாவம், கேன்டீன் வடையை அவசரமாகத் தின்றுவிட்டு ஓடிவந்திருக்கிறார் என்று அவள் கண் கலங்கினாள். அந்த வாடை இப்போது மறுபடியும் மூக்கில் ஏறிற்று. எறா. இவள் ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்த நேரத்தில் வறுத்த எறா. அதைத் தின்ற வாயோடு வந்து நெற்றியில் முத்தம் வேறு கொடுத்தார். மணிமொழி முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். துடைப்பது தெரியாமலே இரண்டு மூன்று தடவை துடைத்தாள்.

கருணாகரனுக்கு எதுவும் புரியவில்லை. தான் ஏதோ தப்பாகப் பேசிவிட்டோம் என்பது மட்டும் தெரிந்தது. “சரிண்ணே, வூட்ல தேடுவாங்க” என்று மீதி டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்துபோனார்.

டிவிஎஸ் சத்தம் தெருமுனை திரும்பித் தேய்ந்தது.

“ரிலீவர் வரலன்னு சொன்னீங்களே” என்றாள் மணிமொழி.

“எத சொல்ற?”

“தெரியும் உங்களுக்கு.”

செங்குட்டுவன் நாற்காலியில் உட்கார்ந்தார். “எனக்கு என்னா மணி தெரியும், அன்னைக்குத்தான் உனக்கு அப்படி ஆவும்னு? சும்மா ஒரு நாளு. கடலப் பாத்து ரொம்ப நாளாச்சேன்னு போனேன். வந்து பாத்தா வூடு பூட்டிக் கெடக்குது. ஆஸ்பத்திரிக்கு ஓடியாந்தா நீ அப்படிக் கெடக்கற. அந்த நேரத்துல பீச்சுக்குப் போயிருந்தேன்னா சொல்லமுடியும்? வாயில அதுதான் வந்துச்சு.”

“சரி. அன்னைக்கு வாயில வந்துச்சு. அப்புறம் இருபத்தொம்பது வருசம்?”

“அப்புறம் எப்ப சொல்றது? எழிலு பொறந்துச்சு, எல்லாம் சரியாப் போச்சு. நீயும் அத மறந்துட்டேன்னு நெனச்சேன்.”

போனது போகட்டும் என்று ஒருவேளை அவள் விட்டிருப்பாள். கடல் பார்க்கப் போனது குற்றமில்லை. பயத்தில் ஒரு பொய் சொன்னதையும் விழுங்கிவிடலாம், எத்தனையோ விழுங்கியவள்தானே. ஆனால் அந்தப் பொய்யைத்தான் அவள் தன் கையாலேயே எடுத்து, மருந்து மாதிரி, மகளுக்குக் கொடுத்திருக்கிறாள். அவளும் நம்பிக் குடித்திருக்கிறாள். அப்பா மாதிரின்னு நெனச்சுக்கிறேன். அதை நினைத்தபோது மணிமொழிக்குப் புருஷன்மேல் வந்த அருவருப்பில் பாதி தன்மேலேயே திரும்பியது.

அவள் பேசாமல் நிற்பதைச் செங்குட்டுவன் சமாதானம் என்று எடுத்துக்கொண்டார். மேஜைப் பக்கம் திரும்பினார். ஒரு சுளையை எடுத்தார்.

“வுடு. பழங்கதையப் பேசிகினு. இதச் சொல்லு, வெனிஸ செவ்வாக்கெழமலருந்து வெச்சுக்கலாமா, புதன்லருந்தா? செவ்வாக்கெழம கூட்டம் கம்மியா இருக்கும்னு போட்டிருக்கான்.”

மணிமொழி அவர் வாயைப் பார்த்தாள். சுளை உள்ளே போனது, கன்னம் உப்பியது, கொட்டை வெளியே வந்து பேப்பரில் மற்ற கொட்டைகளோடு சேர்ந்தது. முப்பத்தொரு வருடமாக இந்த வாய்க்குச் சமைத்துப் போட்டிருக்கிறோம் என்று நினைத்தபோது உடம்பு கூசியது.

அப்போது போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை எழில் கூப்பிடுகிற நேரம், அங்கே மத்தியானம். வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுவார்கள். செங்குட்டுவன் லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு, தப்பித்த வேகத்தில் போனை எடுத்தார்.

“எழிலு! சார்ட் ரெடிம்மா. பாரு, பாரு” என்று தாளைத் தூக்கிப் பிடித்துப் போனை அதன்மேல் ஓட்டினார். “மொத வாரம் வெனிஸு. ரெண்டாவது வாரம் பீசா...”

எழிலின் குரல் மெலிந்து வந்தது. “மாந்தோவா இல்லியாப்பா?”

“அது ஒண்ணுமில்லம்மா, வெறும் ஏரி.”

அவள் கட்டங்களைப் படிக்கிறாள் என்று மணிமொழிக்குத் தெரிந்தது. “நான் ரெஸ்டாப்பா?” என்று கேட்டாள் எழில். சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு சரியாக வரவில்லை.

“ஆமாம்மா, ஒடம்பு தேறணுமில்ல? நாங்க உன்னத் தொந்தரவே பண்ணமாட்டோம். காலைல போனா சாயந்திரந்தான் வருவோம்.”

“சரிப்பா.”

அந்தச் ‘சரி’யை மணிமொழி நன்றாக அறிவாள். அன்றைக்குத் தன் கதைக்கு அவள் சொன்ன அதே ‘சரி’. எதிர்த்துப் பேசத் தெம்பில்லாத பிள்ளை சொல்கிற ‘சரி’. இதற்குமேல் ஒரு நிமிஷம் பொறுத்தால் தானும் அந்தச் சார்ட்டில் ஒரு கட்டம்தான் என்று அவளுக்குத் தோன்றியது. புருஷன் கையிலிருந்து போனை வாங்கினாள். போனும் பிசுபிசுத்தது.

“எழிலு, அம்மா சொல்றதக் கேளு. இந்தச் சார்ட்ல என் பேரு இருக்கிற எடமெல்லாம் தப்பு. நான் எந்த ஊருக்கும் போவல. இருபத்தோரு நாளும் உன் பக்கத்துலதான் உக்காந்திருப்பேன். உனக்கு எழுந்து நடக்கணும்னு தோணுற அன்னைக்கு, நீயும் நானும் அந்த ஏரிக்குப் போவோம்.”

“அப்பா தனியாவாம்மா எல்லா ஊருக்கும் போவாரு?”

“அவருக்குத் தனியா போயி பழக்கம் இருக்கு.”

செங்குட்டுவன் “மணி” என்றார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“இன்னொண்ணு. அன்னைக்கு உனக்கு ஒரு கத சொன்னேன்ல, ரிலீவர் வரலன்னு? அது பொய்யி. எனக்கே இப்பத்தான் தெரியும். மாப்பிள்ளைய மன்னிக்கிறதா இருந்தா, அவரு என்னா செஞ்சாரு, என்னா சொன்னாருன்னு பாத்து மன்னி. இல்ல, மன்னிக்காதே. அது உன் இஷ்டம். அப்பா மாதிரின்னு மட்டும் நெனச்சுக்காத.”

திரையில் எழில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அந்த முகத்தில் கோபம் மாதிரி ஏதோ ஒன்று வந்தது. பார்க்க நன்றாக இருந்தது.

“அன்னைக்கு அப்பா எங்கம்மா இருந்தாரு?”

“அவரையே கேளு” என்று மணிமொழி போனைச் செங்குட்டுவன் கையில் வைத்தாள்.

அவர் அதை வாங்கிக்கொண்டார். வாங்காமல் இருக்க வழியில்லை. பிசின் ஒட்டிய கையில் போன் அசையாமல் நின்றது. மகள் நேராக அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சார்ட்டைப் பார்த்தார், பிறகு மணிமொழியைப் பார்த்தார், பிறகு வாசலைப் பார்த்தார். வேப்பமரத்தடியில் கருணாகரனின் வண்டி இல்லை.

மணிமொழி எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அடுப்பில் பால் வைத்திருந்தாள். பொங்கினால் பொங்கட்டும் என்று இருந்துவிட்டாள்.

“சொல்லுங்கப்பா” என்றாள் எழில்.

அவரை மாற்றிவிட யாரும் வரவில்லை.